மூல ஓலை யாரிடம் இருக்க வேண்டும்?

திருநாவலூர்ச் சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைகிறார். உன் பாட்டனார் எனக்கு அடிமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆகவே நீயும் எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் அதையும் எடுத்து நீட்டுகிறார். பாட்டனாரின் கையெழுத்து ஒத்துப்போகிறது. தீர்ப்பு கிழவர் பக்கம்.

பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் சைவநெறி படிப்பித்த காலமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி வந்தேன். வந்தவர் சிவபெருமான் என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலரும். நமுனுகுலப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 6 பிள்ளை ஒருத்தி மட்டும் முகம் மலராமல் கேட்டாள்: “டீச்சர், தாத்தா எழுதிக் குடுத்ததுக்குப் பேரன் என்னா செய்வான்?”

அவள் குடும்பத்தைத் தோட்டத்து வரிசை வீடாகிய லயத்திலிருந்து வெளியேற்றச் சொல்லித் தோட்டம் வழக்குப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட எழுத்து எவ்வளவு காலம் செல்லும்? யாரைக் கட்டும்? அதைப் பார்க்கும் உரிமை யாருக்கு? சட்டம் படித்தவர்கள் கேட்பதற்கு முன்பே சமயம் கேட்ட கேள்விகள் இவை. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இவை அன்றாடக் கேள்விகளும்கூட.

எங்கள் ஆட்களின் வரலாற்றில் பாதி, கையில் இருந்த காகிதத்தின் வரலாறு. கடனோடு கடல் கடந்து வந்தவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது துண்டு. இந்த ஆளின் கடனைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாமல் போனவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் வேலையை விட்டு நீங்கும்போது தோட்டம் கொடுக்கும் சீட்டு ஒழியவில்லை. எங்கள் பக்கத்தில் அதைப் பத்துச்சீட்டு என்பார்கள். பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டால் பேர் வெட்டியாயிற்று, பேர் வெட்டினால் லயத்து அறையாகிய காம்பராவும் போயிற்று. வேலைக்கும் வீட்டுக்கும் தொழிலாளர் பேரேடாகிய ஒரே செக்ரோல்தான் ஆதாரம் என்பதால், வேலையிழந்த அன்றே குடும்பம் சட்டி பானையோடு ரோட்டுக்கு வரும்.

1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் மூண்டன. பதுளைக்குப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து, துரையும் அதைக் கலந்தே நடக்க வேண்டிய நிலையை உண்டாக்கினார்கள். என் தாத்தா இருந்தது வேறொரு தோட்டம். தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர் என்று அவருக்கும் பத்துச்சீட்டு வந்தது.

அந்தச் சீட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பழுப்பேறிய காகிதம், நாலாக மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், பின்னால் துணி ஒட்டியிருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, வேலைக்கு எடுத்த தேதி, நிறுத்திய தேதி எல்லாம் ஊதா மையில். காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. பின்பக்கம் கீழ்மூலையில்தான் விஷயம்: தொல்லை கொடுப்பவன் என்று பென்சிலால் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. தாத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தன் மேல் எழுதப்பட்ட குற்றத்தைத் தானே மடித்து வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டு, பசறையிலிருந்து லுணுகலை வரை தோட்டம் தோட்டமாக ஆபீஸ் வாசலில் நின்றார். சீட்டை நீட்டுவார். கிளாக்கர் திருப்பிப் பார்ப்பார். “ஆள் காணும், போ” என்பார். ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை. பாட்டி கைக்குழந்தையோடு கோயில் மடத்தில் படுத்திருந்தாள். அந்தக் கைக்குழந்தை என் அப்பா.

கடைசியில் மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு கிளாக்கர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், மேசையிலிருந்த ரப்பரை எடுத்து அந்த மூலையைத் தேய்த்தார். பிறகுதான் துரையிடம் கொண்டுபோனார். மறுநாள் காலை ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டில் தாத்தாவுக்குப் பேர் விழுந்தது. பென்சில் போய்விட்டாலும் அழுத்திய தடம் போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம்.

அந்தக் கிளாக்கர் செய்தது புண்ணியமா, பொய்யா? இந்தக் கட்டுரைக்கு அதுதான் கேள்வி. ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்குச் சொல்ல நினைத்ததை இடையில் நின்று மறைத்தார். அதனால் ஒரு குடும்பம் பிழைத்தது.

இன்று அமெரிக்காவின் சில மாநிலங்களில் இதையே சட்டமாகச் செய்கிறார்கள். அங்கே வீட்டுக்காரர் வாடகைக்காரரை வெளியேற்ற வழக்குப் போட்டால் அது நீதிமன்றப் பதிவில் ஏறும். வாடகைக்கு வருகிறவர்களின் பின்னணியை விசாரித்துச் சொல்லும் கம்பனிகள் அந்தப் பதிவுகளைத் திரட்டி விற்கும். வழக்கில் வாடகைக்காரர் வென்றிருந்தாலும், இரண்டு பேரும் சமாதானமாகப் போயிருந்தாலும் பேர் பேர்தான், அடுத்த வீடு கிடைக்காது. ஆகவே கலிபோர்னியா 2016இல் ஒரு சட்டம் இயற்றியது. வழக்குப் பதிவாகி 60 நாட்களுக்குள் வீட்டுக்காரர் வெல்லாவிட்டால் அந்தக் கோப்பு பொதுமக்கள் பார்வைக்கு வராமல் மூடியே இருக்கும். பழைய வீட்டு வழக்கைக் காரணம் காட்டி ஒருவருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று 2019இல் நியூயோர்க் மாநிலம் விதித்தது. மடுல்சீமைக் கிளாக்கரின் ரப்பரை அங்கே சட்டமன்றம் கையில் எடுத்திருக்கிறது.

நமது இலங்கையில் லயத்தில் இருப்பவர் வாடகைக்காரரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. வெளியேற மறுத்தால் குற்றவாளி என்றே ஒரு காலத்தில் நடத்தினார்கள். குற்றமுறை அத்துமீறல் செய்தார் என்று தீர்ப்பளிக்கப்பட்ட செல்வநாயகம் என்பவர் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். அரசியல் தலைவர் செல்வநாயகம் வேறு, இவர் வேறு. எரிச்சலூட்டுவதே முதன்மையான நோக்கம் என்று நிரூபித்தால்தான் அத்துமீறல் குற்றமாகும், தனக்கு உரிமை உண்டு என்று மனதார நம்பி இருப்பவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 1950இல் அந்த மன்றம் சொன்னது. 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய சிறப்புச் சட்டம், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் லயத்து ஆட்களை வெளியேற்றுவதற்குத் தடை போட்டது. ஆனால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால், நீதவான் பார்ப்பது ஒன்றைத்தான்: செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்திலான அதிகாரமோ உண்டா? நாலு தலைமுறையாக இருக்கிறோம் என்பது அங்கே செல்லாது.

அப்படி ஒரு வழக்கு விழுந்த வீட்டின் பிள்ளை என்ன ஆகிறாள்? கேள்வி கேட்ட அந்த மாணவி வளர்ந்து பதுளை டவுனில் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்க ஓர் அறை தேடினாள். முற்பணம் கொடுக்கத் தயாராக இருந்தாள். வீட்டுக்கார அம்மா எந்தத் தோட்டம், எந்த டிவிசன், அப்பா பேர் என்ன என்று விசாரித்தார். இரண்டு நாள் கழித்து, “உங்க அப்பா மேல வீட்டுக் கேஸ் இருந்துச்சாமே, நமக்கு எதுக்கு வம்பு” என்று முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வழக்கு எப்போதோ சமாதானத்தில் முடிந்திருந்தது. முடிந்தது என்பதை விசாரித்துச் சொன்னவர் சொல்லவில்லை.

சித்திரகுப்தனார் எல்லாவற்றையும் எழுதுகிறாரே, கணக்கு எழுதுவதில் என்ன பிழை என்று கோயிலில் ஒருவர் என்னிடம் கேட்டார். சித்திரகுப்தனாரின் கணக்கையே பார்ப்போம். அவர் பாவத்தை மட்டும் எழுதுவதில்லை, புண்ணியத்தையும் எழுதுகிறார். தோட்டத்து ஏட்டிலோ, தாத்தா எத்தனை மழைநாளில் மலை ஏறினார் என்பதற்கு ஒரு கோடும் இல்லை. சித்திரகுப்தனார் தன் ஏட்டை அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்லை, யமதர்மராசன் ஒருவர் முன்னால்தான் விரிக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கணக்குக்கு முடிவு உண்டு. வினை அனுபவித்துத் தீரும் என்பது சைவ சித்தாந்தம். இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்த வினையாகிய பிராரத்தம் நுகர்ந்தால் கழிகிறது, கழிந்ததை மறுபடி யாரும் வசூலிப்பதில்லை. லயத்தைவிட்டு ஒருவரை இறக்கியாயிற்று என்றால் அவர் அனுபவித்துவிட்டார். அதற்குப் பிறகும் அந்த எழுத்தைக் காட்டி அடுத்த வாசலிலும் அவரை நிறுத்துவது, தீர்ந்த வினைக்கு இரண்டாம் முறை தண்டனை. கடவுளே செய்யாததை மனிதன் ஒரு பேரேட்டை வைத்துக்கொண்டு செய்கிறான்.

பதுளைக்காரர்களுக்கு முத்தியங்கனை விகாரையைத் தெரியும். புத்தர் அங்கே எழுந்தருளியதாகச் சிங்கள மக்கள் நம்புகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் அங்குலிமாலன் கதை எனக்கும் பிடிக்கும். மனிதரைக் கொன்று விரலை மாலையாகப் போட்டவன் புத்தரிடம் துறவியாகிறான். அவனைப் பிடிக்கப் படையோடு கிளம்பிய பசேனதி மன்னன், அவனைத் துறவிக் கோலத்தில் கண்டு வணங்கித் திரும்புகிறான். அரசு தன் கோப்பை மூடிவிட்டது. தெருவோ மூடவில்லை. பிச்சைக்குப் போன இடத்தில் கல் விழுகிறது, மண்டை உடைந்து இரத்தத்தோடு திரும்பி வருகிறான். கொலைகாரனுக்கே அரசன் கோப்பை மூட முடிந்தது என்றால், வீடு இழந்தவரின் கோப்பை மூட ஒரு நீதிமன்றத்துக்கு என்ன தடை? தெருவின் கல்லைச் சட்டத்தால் முழுக்கத் தடுக்க முடியாது. அந்தக் கல்லை அரசாங்க ஆபீசிலிருந்தே எடுத்துக் கொடுக்காமல் இருக்கலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவோமே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இந்த இடத்தில் நான் அவர்களோடு உடன்படவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டுமென்றால், 1946 ஜனவரி 1க்கு முன்பு திருமணமானவர் 7 வருடமும் மற்றவர் 10 வருடமும் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும். பேர் வெட்டுப்படுவதற்கு முந்திய வருடங்களுக்குத் தாத்தாவிடம் என்ன ஆதாரம்? அந்தப் பத்துச்சீட்டுத்தான். வேலைக்கு எடுத்த தேதியும் நிறுத்திய தேதியும் ஊதா மையில் இருந்தன. மனுவோடு அது போனது. அவர் பதிவுப் பிரஜை ஆனார். அதே காலத்தில் பேர் வெட்டுப்பட்ட அவருடைய சிநேகிதர், ரோசத்தில் தன் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டவர். அவருக்குக் காட்ட ஒன்றுமில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியது. பிள்ளைகள் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டத்தில் கொழுந்து எடுத்தார்கள்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்களோடு பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் தாங்கள் யார் என்பதைத் திரும்பவும் ஆபீசுகளில் நிரூபிக்க வேண்டியிருந்தது. காகிதம் இல்லாத துன்பத்தை இவ்வளவு அறிந்த சனம், காகிதத்தைக் கொளுத்தச் சொல்லக் கூடாது. எங்களைத் துரத்தியதற்கான சாட்சியும் அந்த ஏடுகளில்தான் இருக்கிறது. அதை எரித்தால் துரத்தியவர்களுக்குத்தான் இலாபம்.

ஆகவே நான் கேட்பது அழிப்பதை அல்ல, மூடி முத்திரையிடுவதை. எழுத்து இருக்கட்டும். அதன் சாவி யாரிடம் என்பதுதான் நியாயத்தின் இடம். தாத்தாவின் சீட்டு கிளாக்கர்கள் கையில் இருந்தபோது அவரைக் கோயில் மடத்தில் படுக்க வைத்தது. அதே சீட்டு அவர் கையில் ஆதாரமானபோது நாட்டுரிமை கொடுத்தது. எழுதப்பட்டவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் திறக்கட்டும். எழுத்தை வைத்து வேலையோ வீடோ மறுக்கப் போகிறவருக்கு மூடியிருக்கட்டும்.

வீட்டுக்காரர்களின் பயத்தையும் நான் மதிக்கிறேன். பதுளையில் மேல்மாடி அறையின் வாடகையை நம்பி மருந்து வாங்கும் விதவைத் தாய்மாரை எனக்குத் தெரியும். ஆறு மாத வாடகை தராமல் ஓடிப்போகிறவர்களும் உண்டு. அதற்கு முற்பணம் இருக்கிறது, எழுத்திலான உடன்படிக்கை இருக்கிறது, முன்பு இருந்த வீட்டுக்காரரிடம், வாடகைக்கு வருகிறவள் அறிய ஒரு வார்த்தை கேட்கும் வழி இருக்கிறது. அவள் சம்பாதிக்கிறாளா, ஒழுங்காகக் கட்டுவாளா என்று அவளிடமே கேட்கலாம். அப்பாவின் வழக்கு இலக்கம் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் விடையாகாது. உண்மையாகவே கடன்பட்டுத் தோற்றவர் விஷயத்திலும், சில வருடங்கள் கழிந்தபின் அந்த எழுத்து அவரைத் துரத்தக் கூடாது. ஐம்பதாம் வருடத்தில் கடனாளியும் தன் காணிக்குத் திரும்பலாம் என்று வேதாகமத்து யூபிலி விதி சொன்னதும் இதே அறத்தைத்தான்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். தாத்தா எழுதிக் கொடுத்ததற்குப் பேரன் என்ன செய்வான்? சுந்தரர் கதை வரும் பெரியபுராணத்தை அந்தச் சபையோடு நிறுத்தாமல் மேலே படிக்க வேண்டும். மூல ஓலையை வைத்திருந்தவர் அதைக் காட்டி வென்ற பிறகு சுந்தரரை எப்படி நடத்தினார்? பாடச் சொன்னார். தோழனாக்கிக்கொண்டார். கேட்டபோதெல்லாம் பொன் கொடுத்தார். மனைவி பரவையாருக்கும் சுந்தரருக்கும் மனத்தாங்கல் வந்தபோது, நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் இரண்டு முறை தூது நடந்தார். அடிமை ஓலை கையில் இருந்தவர் அடிமைக்காக நடந்தார். அந்த எழுத்தைச் சுந்தரருக்கு எதிராக இன்னொரு வாசலில் விரித்ததாகக் கதையில் இல்லை. ஓலையை வைத்துக்கொள்ளும் தகுதி அப்படிப்பட்டவருக்குத்தான் உண்டு. அந்தத் தகுதி இல்லாத நாம் அதைப் பூட்டி வைப்பதே மரியாதை.

தகவல் அறியும் உரிமைக்கு 2016இல் சட்டம் செய்த நாடு இது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் பார்க்கும் உரிமை முதலாவதில் இருக்கிறது, பிறர் அதைத் துஷ்பிரயோகம் செய்யாமல் காக்கும் கடமை இரண்டாவதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து லயத்து ஆட்களுக்கும் வாடகை அறையில் இருப்பவர்களுக்கும் பொருந்தச் செய்ய வேண்டும்.

தள்ளுபடியான, சமாதானமான வெளியேற்ற வழக்குகளின் கோப்புகளை அதில் சம்பந்தப்பட்டவர் தவிர வேறெவரும் பார்க்காதபடி மூடுங்கள். தீர்ப்பான வழக்குகளுக்கும் ஒரு கால எல்லை வையுங்கள். எந்தக் கோப்பும் பிள்ளையின் பேரைத் தேடிப் போகாதபடி செய்யுங்கள். தோட்டத்து ஆபீசுகளில் கறையான் தின்னும் பழைய செக்ரோல்களையும் பேர்ப் பதிவுகளையும் கொளுத்தாமல் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள். அங்கே போய்த் தன் பாட்டன் பேரைக் கேட்கும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லாமல் ஒரு பிரதி கொடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் சட்டம் வரும்வரை, பதுளையிலும் பண்டாரவளையிலும் அறை வாடகைக்கு விடும் அம்மாமாரிடமும் ஐயாமாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்துப் பிள்ளை உங்கள் வாசலுக்கு வந்தால், வாடகை எப்போது கட்டுவாய் என்று கேளுங்கள். அப்பன் ஏன் லயத்தைவிட்டு இறங்கினான் என்று கேட்காதீர்கள்.